‘எல்லோருக்கும் ஏற்ற’ மலைக்கு ஒரு மனு

பெறுநர்: ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்கு ஊர்களில் சுற்றுலா அலுவலகம் நடத்தும் பெரியோர்கள்.

அனுப்புநர்: சுவிஸில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தலைவர் (செலவுக்கு மட்டும் தலைவர்).

பொருள்: பெப்ரவரி பள்ளி விடுமுறைக்கு ஊர் தேர்ந்தெடுப்பது தொடர்பாக.

மதிப்புக்குரியீர்,

தங்கள் விளம்பர ஏடுகள் கிடைத்தன. ஏடு எந்த ஊருடையதானாலும் முதல் பக்கத்தில் ‘எல்லோருக்கும் ஏற்ற மலை’ என்றே இருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த எல்லோரும் எங்கள் வீட்டிலேயே இருப்பதால், உரிமையோடு எழுதுகிறேன்.

மூத்தவனுக்கு 15 வயது. பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் பழகி, இப்போது ஸ்னோபோர்டுக்கு மாறிவிட்டான். தடம் போட்ட இடத்தில் இறங்குவது தன் கௌரவத்துக்குக் குறைவு என்பது அவன் கொள்கை. சின்னவளுக்கு 6. ஸ்கீயின் முனைகளைச் சேர்த்தால் பீட்சா, நேராக விட்டால் பொம்மஸ் (பொரித்த உருளைக்கிழங்குக் குச்சி) என்று ஸ்கீ வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பொம்மஸ் நன்றாக வருகிறது; பீட்சாதான் வருவதில்லை. மனைவிக்கு நடையும் வெந்நீர்க் குளமும். மாமிக்கு யன்னலோரம், வெயில், தேத்தண்ணி. லண்டனிலிருந்து வரும் மச்சான், அங்கே கூரைக்கடியில் கொட்டி வைத்த பனியில் பழகியவர். தன்னை ‘நடுத்தரம்’ என்று அறிவித்திருக்கிறார். நான் தலை நரைத்தபின் கற்றவன். எனக்கு எப்போதும் பீட்சாதான்.

முதலில் உங்கள் கிலோமீட்டர்களுக்கு ஒரு கும்பிடு. பிரான்சின் ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ 600 கி.மீ. தடம் என்கிறது. செர்மாட், எல்லைக்கு அப்பாலுள்ள இத்தாலியின் செர்வீனியாவையும் சேர்த்து 360 என்கிறது. கிறிஸ்டோஃப் ஷ்ராஹே என்ற ஜெர்மன் ஆலோசகர் இந்தத் தூரங்களை உட்கார்ந்து அளந்து, 2013இல் உங்கள் நிம்மதியைக் கெடுத்தார். சுவிஸின் ‘நான்கு பள்ளத்தாக்குகள்’ சொன்ன 412 கி.மீ., அவர் கணக்கில் 164 ஆனது. வளைந்து வளைந்து இறங்குவதையும் சேர்த்தே கணக்கிட்டோம் என்று தொழிலில் இருந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். நியாயம்தான். அந்த முறையில் அளந்தால், தடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உழுதுகொண்டு இறங்கும் நானே ஒரு பெரிய பனிச்சறுக்கு வட்டாரம்.

நாங்கள் ஒரு கிழமை முழுக்கச் சறுக்கினாலும் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட மாட்டோம். இருந்தும் ஊரை விற்கும்போது நீங்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்த எண்ணைத்தான்.

அடுத்தது உங்கள் வண்ணங்கள். நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு, சுவிஸில் இல்லை. ஆகவே இரு நாட்டிலும் பரந்து கிடக்கும் போர்த் து சொலெய் வட்டாரத்தில் எல்லையைத் தாண்டும் தொடக்கக்காரர், சறுக்கத் தெரியாமலே ஒரு படி பதவி உயர்வு பெறுகிறார். நீலத்தின் சரிவு 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. சிறு சிறு துண்டுகளுக்கு மட்டும் விலக்கு. பீட்சாக்காரர்கள் எல்லோரையும் நீங்கள் சந்திக்கலாம், அந்த விலக்கு பெற்ற துண்டில். கூட்டமாக நின்றுகொண்டிருப்பார்கள்.

சரிவை மட்டும் அளந்து வண்ணம் தீட்டும் உங்கள் நேர்மையை மெச்சுகிறேன். ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பஞ்சாக இருக்கும் நீலத் தடம், மாலை நான்கு மணிக்கு ஊரே அதன்மேல் இறங்கி வழித்தெடுத்த பிறகு, கண்ணாடியாக மினுங்குகிறது. கால்கள் களைத்துப்போன அந்த நேரத்தில்தான் எங்களை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். வரைபடத்திலோ அது இன்னும் நீலம். வேறு சில ஊர்களில் மேலே எல்லாம் நீலம், ஊருக்கு இறங்கும் கடைசித் தடம் மட்டும் கறுப்பு. அங்கே தொடக்கக்காரர்கள் கேபிள் கார் வரிசையில் நின்று தங்கள் வெற்றியைக் கொண்டாடலாம்.

காட்டுக்குள்ளே வண்டிப்பாதை போலப் போகும் தட்டையான நீலமும் உண்டு. எனக்கு அது சொர்க்கம். ஸ்னோபோர்டில் வரும் மூத்தவனோ வேகம் செத்து, ஒரு காலைக் கழற்றி, நொண்டியடித்துக்கொண்டு வருகிறான். ஒரே வண்ணம், ஒரே பாதை. தகப்பனுக்கு வரம், மகனுக்குத் தண்டனை. வண்ணத்துக்கு இதெல்லாம் தெரியாது.

வாடகைக் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழுந்தால் ஸ்கீ எந்த இறுக்கத்தில் கழல வேண்டும் என்று கணக்கிட, உயரம், எடை, வயது, காலணியின் நீளம், திறமை எல்லாம் கேட்கிறார்கள். இறுக்கம் கூடினால் கழலாமல் முழங்கால் போகும். குறைந்தால் நடுவழியில் தானாகவே கழன்றுவிடும். மச்சான் எடையைக் குறைத்துச் சொன்னார், திறமையைக் கூட்டிச் சொன்னார். முதல் பொய் இறுக்கத்தைத் தளர்த்த, இரண்டாவது பொய் அதைக் கூட்ட, கடைசியில் ஏறக்குறைய சரியான எண்ணே வந்திருக்கும். அவர் முழங்காலைக் காப்பாற்றிய அந்தப் படிவத்துக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆனால் ‘எல்லோருக்கும்’ என்பதன் சாயம் வெளுப்பது மத்தியானச் சாப்பாட்டு வேளையில். பிரான்சின் ஷமோனியைப் பாருங்கள். வல்லவர்கள் தேடிப் போகும் கிராண் மோந்தே, ஆர்ஜொந்தியேர் ஊருக்கு மேலே. மெதுவாகப் போகிறவர்களுக்கான சரிவுகள் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லெ தூரில். இரண்டுக்கும் நடுவே பேருந்து. மலையேறிகளுக்கு ஷமோனி தலைநகர், மறுக்கவில்லை. எங்களைப் போன்ற குடும்பம் அங்கே போனால் காலையில் பிரிந்து, இரவுச் சாப்பாட்டில்தான் மறுபடி உறவாகும்.

மாறாக, எய்கர் சிகரத்தின் வடமுகத்தை அண்ணாந்து பார்க்கும்படி 2,061 மீட்டர் உயரத்தில் சுவிஸின் கிளைன ஷைடெக் கணவாய் இருக்கிறது. 1893 முதல் அந்தக் கணவாய்க்குப் பல்சக்கர ரயில் ஓடுகிறது. மாமி கீழேயுள்ள வெங்கன் ஊரில் ரயிலேறி, முழங்கால் நோகாமல் மேலே வந்து வெயிலில் அமர்வார். மனைவி நடந்து வருவாள். சின்னவளை நான் பீட்சாவாகவே கூட்டி வருவேன். மூத்தவன் எந்தத் திசையிலிருந்தோ வந்து விழுவான். பக்கத்து லவுபர்ஹோர்ன் சரிவில் ஜனவரியில் 4.4 கி.மீ. உலகக் கோப்பைப் பந்தயம் நடக்கும். மச்சான் அந்தச் சரிவைப் பார்த்துத் தன் ‘நடுத்தரத்தை’ மறுபரிசீலனை செய்யலாம். எல்லோரும் ஒரே மேசையில் சூப் குடிப்பார்கள். பல் வைத்த ஒரு ரயில் இதைச் சாதித்திருக்கிறது, 600 கி.மீ. தடத்தால் முடிந்ததில்லை.

ஸ்கீ தெரியாதவர்களை நீங்கள் ஏட்டின் கடைசிப் பக்கத்தில், நாய்களுக்கான விதிகளுக்கு மேலே, ‘இதர’ என்று வைத்திருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 1864இல் செயின்ட் மோரிட்ஸின் விடுதிக்காரர் யோஹான்னஸ் பாட்ருட், கோடைக்கு வந்த ஆங்கிலேயரை, குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது என்று பந்தயம் கட்டி வரவழைத்தாராம். உங்கள் தொழிலின் பிறப்புக் கதையாக நீங்களே சொல்லிக்கொள்வது இது. அந்த விருந்தாளிகள் எவரும் ஸ்கீ ஓட்டவில்லை. வெயில் காய்ந்தார்கள், பனிக்கட்டியில் சறுக்கு விளையாடினார்கள், சும்மா இருந்தார்கள். ஸ்கீ பிறகு பல ஆண்டுகள் கழித்தே ஆல்ப்ஸுக்கு வந்தது. ஆக, உங்கள் கடையைத் திறந்து வைத்தவர்கள் மாமியின் கட்சிக்காரர்கள்.

எனவே பணிவான கோரிக்கைகள்:

1. நடப்பவர், சறுக்குபவர், ரயிலிலோ கேபிள் காரிலோ வருபவர் மூவரும் சேரக்கூடிய சாப்பாட்டு இடங்களை வரைபடத்தில் குறிக்கவும். ஒன்றும் இல்லையென்றால் அதையும் குறிக்கவும்.

2. ஊருக்கு இறங்கும் கடைசித் தடத்துக்கு மாலை நான்கு மணி வண்ணம் தனியாகத் தரவும்.

3. இளஞ்சிவப்புக் கம்பம் நட்ட குளிர்கால நடைபாதைகளின் நீளத்தையும், ஸ்லெட்ஜ் பாதைகளின் நீளத்தையும் தடக் கிலோமீட்டர் அளவு பெரிய எழுத்தில் அச்சிடவும். ஃபவுல்ஹோர்ன் சிகரத்திலிருந்து கிரிண்டல்வால்ட் ஊர் வரை 15 கி.மீ. ஸ்லெட்ஜில் வருகிறவரும் மனிதர்தான்.

4. ‘நடுத்தரம்’ என்று பதிபவர்களிடம் மாமியார் கையொப்பமிட்ட சான்று பெறவும்.

நான்கும் சிரமம் என்றால், முதல் பக்கத்தில் ‘எல்லோருக்கும்’ என்பதை எடுத்துவிட்டு ‘மூத்தவனுக்கு’ என்று போடவும். பயணச்சீட்டையும் அவனுக்கு மட்டுமே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
‘இதர’ பிரிவினர் சார்பாக,
பணம் கட்டுபவர்.