ஜேனின் படம்

கே: 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' பார்த்தேன். ஸ்டீபன் ஹாக்கிங் படத்தில் இயற்பியலைத் தேடவேண்டியிருக்கிறதே?

ப: படம் அவருடைய முதல் மனைவி ஜேன் எழுதிய நூலிலிருந்து வந்தது. கருந்துளைக்குள் என்ன நடக்கும் என்று கணவரைக் கேட்கலாம். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ஜேனைத்தான் கேட்கவேண்டும்.

கே: காட்டியதெல்லாம் நிஜமா?

ப: பெருமளவு நிஜம் என்று ஹாக்கிங்கே சொன்னார். 1985இல் அவர் நிமோனியாவில் விழுந்தது ஜெனீவாவில், செர்ன் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தபோது. படம் அதைப் பிரான்ஸில் ஓர் இசையரங்குக்கு மாற்றிவிட்டது. போகட்டும், ஊர்தானே! சுவாசக் கருவியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்டதும், ஜேன் முடியாது என்றதும் அப்படியே இருக்கின்றன. அந்த மறுப்பு இல்லையென்றால் 1988இல் ஹாக்கிங்கின் 'காலத்தின் சுருக்கமான வரலாறு' நூல் வந்திருக்காது.

கே: ஜேனைத் தியாகச் சுடராக்கிவிட்டார்களோ?

ப: கொஞ்சம் ஆக்கிவிட்டார்கள், எனக்கு வருத்தம்தான். தசைகளை முடக்கும் நோய் தாக்கிய ஹாக்கிங்குக்கு இரண்டாண்டுதான் ஆயுள் என்று 1963இல் சொல்லியிருந்தார்கள். தெரிந்தேதான் ஜேன் அவரை 1965இல் கைப்பிடித்தார். மூன்று குழந்தைகள், கணவரின் பணிவிடை, இவற்றுக்கிடையே இடைக்கால ஸ்பானியக் கவிதையில் ஆய்வு. முனைவர் பட்டம் கைக்கு வந்தபோது 1981. படத்தில் அவர் புத்தகத்தோடு உட்காருவார், குழந்தை சத்தம்போடும், காட்சி முடிந்துவிடும். அவர் நூலில் களைப்பும் கோபமும் மண்டிக்கிடக்கின்றன. திரையில் ஈரக் கண்கள்தான் மிச்சம். ஆனால் தேவாலய இசைஞர் ஜோனதன் உதவிக்கு வந்து ஜேனின் மனத்துக்கு நெருக்கமானதை, ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் சொன்னார்களே, அதற்காக இயக்குநர் ஜேம்ஸ் மார்ஷைப் பாராட்டுவேன்.

கே: ஹாக்கிங்காக நடித்த எடி ரெட்மெய்னுக்கு ஆஸ்கர் தகுமா?

ப: தாராளமாக. படப்பிடிப்பு கதை வரிசையில் நடக்காது. நோயின் எந்தக் கட்டத்தில் எந்தத் தசை ஓய்ந்தது என்று அட்டவணை போட்டுக்கொண்டு நடித்தார். அவரிடம் தோற்றவர்களில் ஒருவர், வேறொரு படத்தில் கணிதவியலாளர் ஆலன் டூரிங்காக நடித்த பெனடிக்ட் கம்பர்பேட்ச். அவர் 2004இல் பிபிசிக்காக ஹாக்கிங்காகவே நடித்தவர்! ஜேனாக வந்த ஃபெலிசிட்டி ஜோன்ஸுக்குப் பரிந்துரை மட்டும். உடல் முடங்குவது பார்த்ததும் தெரியும். பொறுமை தேய்வதை முகத்தில் காட்டுவது கடினம். என் ஓட்டு அவருக்கு.

கே: படத்தில் ஹாக்கிங் பேசும் கணினிக் குரல் யாருடையது?

ப: ஹாக்கிங்குடையதேதான். படத்தைப் பார்த்தபிறகு, தன் குரலையே பயன்படுத்திக்கொள்ள அவர் அனுமதி தந்தார்.