அரியரும் அல்லேலூயாவும்

கேள்வி: பகலில் கல்லூரி, மாலையில் கொயர் பிராக்டீஸ், ஞாயிறு சண்டே ஸ்கூல் என்று ஓடுகிறேன். இரண்டு அரியர் விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு, ஆலயத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே 'இதெல்லாம் உண்மைதானா?' என்று மனம் கேட்கிறது. நான் விசுவாசிதானா?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அரியர். தானியேல் பாபிலோனில் ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டிருக்கவில்லை தம்பி. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷப் பாடத்திட்டத்தில் படித்தார். கடைசியில் ராஜாவே வைத்த வைவாவில், அங்கிருந்த ஜோசியர்களைவிடப் பத்து மடங்கு தேறினார். டிசம்பரில் விடிய விடிய கேரல் ரவுண்ட்ஸ் போய், எந்த வீட்டில் கேக், எந்த வீட்டில் வெறும் சுக்குக்காப்பி என்று மனப்பாடம் செய்யும் மூளைக்கு செமஸ்டர் பாடம் ஏறாதா என்ன?

சந்தேகத்துக்கு வருவோம். உயிர்த்த இயேசு வந்த அன்று தோமா ஆப்சென்ட். காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். எட்டு நாள் கழித்தும் அதே வீட்டில், அதே சீடர்களோடுதான் இருந்தார். யாரும் அவரைக் கமிட்டி போட்டு நீக்கவில்லை. (இன்றைய சபைகளில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.) அப்படிப்பட்டவர்தான், மரபுப்படி, பரங்கிமலை வரை வந்து உயிரைக் கொடுத்தார்.

கொயரில் உங்கள் இடத்தில் பரீட்சை முடியும்வரை வேறொருவர் பாடட்டும். சண்டே ஸ்கூலை மட்டும் விடாதீர்கள். 'நோவா பேழையில் மீனை ஏற்றினாரா அண்ணா?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, கேள்வி கேட்கத் தெரிந்த வாத்தியார்தான் தேவை.