ஒற்றைக்கால் ரோசா அண்ணை

ஸ்காபரோவில் தெருவுக்கு ஒரு ரோசா அண்ணை இருப்பார். எங்கள் தெருவுக்கு மூன்றாம் வீட்டுக்காரர். அவருடைய பின்வளவைத் தோட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பெயின்ட் வாளியில் மிளகாய், பால்வாளியில் வெண்டி, வேலி தாண்டிப் போய் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரின் பார்பிக்யூ அடுப்பைச் சுற்றிப் பிடித்த பாவற்கொடி. முளைத்த இடமே அததன் இடம்.

அந்த வளவுக்குள் விக்டோரியா தின லீவில் இரண்டு ஸ்டாண்டர்ட் ரோசா வந்து இறங்கின. லண்டனில் மச்சாள் வீட்டு வாசலில் கண்டு ஆசைப்பட்டதாம். மூன்றடிக்கு இலையில்லாத மொட்டைத் தண்டு, உச்சியில் குடை விரித்தாற்போல் ரோசாப் பற்றை. கத்தரிப் பாத்தியின் இரு பக்கமும் நட்டு, தடி ஊன்றி, பழைய வேட்டிக் கிழிசலால் எட்டுப் போட்டுக் கட்டினார். துவாரபாலகர் தயார். மூலவர் கத்தரிக்காய்.

அன்று முதல் வீட்டுக்கு யார் போனாலும் ரோசா பார்த்த பிறகுதான் தேத்தண்ணி.

"தம்பி, இது வேறை சாதி இல்லை. எங்கடை கறுத்தக்கொழும்பான் மாதிரி ஒட்டுத்தான். அதுக்கு அடியிலை ஒட்டுறது, இதுக்குத் தலையிலை."

கிங்ஸ்டன் வீதியில் உள்ள ரொசெட்டா மக்லேன் தோட்டத்துக்குப் போனாலும் ரோசாப் பாத்தி முன் நின்று, "எல்லாம் கட்டை" என்று உதடு பிதுக்குவார். 2009 முதல் ஒன்ராறியோவில் அழகுச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கத் தடை. ஆகவே யூலையில் விடியற்காலையிலேயே சாரத்தோடு இறங்கி, பச்சைத் தலையும் செம்பு முதுகுமாய் மொய்க்கும் யப்பான் வண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சவர்க்காரத் தண்ணீர் நிரம்பிய தயிர் டப்பாவில் விழுத்துவார். எண்ணிக்கை அண்ணையின் மனைவி, அக்காவுக்குச் சொல்லப்படும். அவ கேட்பதில்லை.

வினையும் ரோசாவின் அந்தத் தலை ஒட்டில்தான் இருந்தது. மற்ற ரோசாவுக்கு ஒட்டு நிலத்தோடு இருக்கும். மண்ணைக் குவித்தால் குளிருக்குத் தப்பிவிடும். இதற்கோ மூன்றடி உயரத்தில், தை மாதக் காற்றுக்கு நேரே. வழி ஒன்று உண்டு, மினசோட்டாக்காரர் கண்டது: பக்கத்தில் குழி வெட்டி, ஒரு பக்க வேரைத் தளர்த்தி, செடியை அப்படியே சரித்துப் புதைத்து, மேலே இலைச்சருகு போடுவது.

இலையுதிர்கால மாலையொன்றில் அண்ணை ஐந்தடி நீளத்தில் இரண்டு குழி வெட்டினார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளசுகள் நாயோடு நின்று பார்த்துவிட்டு, அக்கா சுகமோ என்று மெதுவாக விசாரித்தார்கள். அக்கா அகப்பையும் கையுமாக யன்னலில் முகம் காட்டினா.

"எனக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்கின மனுசன். இதுக்குப் போர்வையைப் பாருங்கோ!"

இத்தாலியக் கிழவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வருடாவருடம் தன் அத்திமரத்தை இப்படியே சரித்துப் புதைக்கிறவர். மண்வெட்டியோடு வந்து, குழிக்குள் காலை விட்டுப் பார்த்து, ஆழம் காணாது என்று தலையாட்டினார். இருவரும் இருட்டும்வரை வெட்டினார்கள். சித்திரையில் எது முதலில் துளிர்க்கும், அத்தியா ரோசாவா என்று பந்தயம். அவர் வைத்தது வீட்டு வைன் ஒரு போத்தல். அண்ணை வைத்தது ஒரு பை பாவற்காய். அதில் பாதி, கிழவரின் பார்பிக்யூவில் காய்த்தது.