கணக்குத் தீத்துட்டியா மக்கா?

லேய் மக்கா, சிரிக்காத. ஒன் சின்ன மாமன் மவளுக்குக் கல்யாணம், நீ போவல்ல. போன்லயே ஐநூறு ரூவாயைத் தட்டிவிட்டுட்டு, ‘அவிய எனக்கு வச்சது ஐநூறு, நானும் ஐநூறு அனுப்பியாச்சு, கணக்கு சரி போத்தி’ண்ணு நெஞ்சை நிமுத்திட்டு நிக்க. பெங்களூர்ல இதைத்தான் படிப்பிச்சானுவளா?

சுருள்ணா என்னண்ணு நெனச்ச? வெத்திலைக்குள்ள ரூவாயைச் சுருட்டிக் கையில குடுத்த காலம் உண்டு. இப்பம் கவரும் நோட்டுமா ஆயாச்சு. நோட்டு எழுதுகவன் கண்ணு மட்டும் மாறல்ல. ஐநூறு வச்ச வீட்டுக்குத் திருப்பி ஐநூறே வச்சா, ஒங்க சங்காத்தம் போதும்ணு அர்த்தம். அறுநூறு வையி. அந்த நூறு ஒன் பேருல அங்க கெடக்கும். அதைத் தீக்க அவிய ஒன் வாசலுக்கு வந்துதான் ஆவணும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி ஆவணியில மொய் விருந்து வைக்கான். கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. ஆட்டுக்கறிச் சோறும் கணக்கு நோட்டுந்தான். அவன்கூட வாங்குன மொய்யோட ‘புது நடை’ண்ணு கொஞ்சம் சேத்துத்தான் போடுவான். ஒனக்குத்தான் பாக்கிண்ணா பயம்.

நறுக்குத் தெறிச்ச கணக்கு வேணும்ணா, வனத்துறைட்ட இருந்து 1984-ல ரப்பர் கார்ப்பரேசன் கைக்குப் போச்சே, நம்ம கீரிப்பாறை ரப்பர் தோட்டம், அங்க போயி சிலோன்ல இருந்து வந்த குடும்பத்துட்டக் கேளு. 1964-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் அங்க இருந்த இந்திய வம்சாவளி ஆளுவளைப் பகுந்துக்கிட ஒப்பந்தம் போட்டாவ. 5,25,000 பேரை நாம எடுக்கணும், 3,00,000 பேரை அவிய வச்சுக்கிடணும். ஏழுக்கு நாலு. மிச்சம் 1,50,000 பேரு? பெறவு பாப்போம்ணு ஒதுக்கிப் போட்டு, 1974-ல இந்திரா காந்தி காலத்துல ஆளுக்குப் பாதியாப் பகுந்துக்கிட்டாவ. ரெண்டு நோட்டும் டாண்ணு பொருந்திச்சு. சுருளுக்குள்ள இருந்த மனுசன்ட்ட மட்டும், ஒப்பந்தம் எழுதும்போது, ‘ஒனக்கு எங்க போவணும்’ணு ஒருத்தரும் கேக்கல்ல.

அந்தத் தோட்டத்துல பால் வெட்டுகவனை ஒருநாள் விடியக்காலம் நிண்ணு பாரு. கத்தியைத் தடிவரைக்கும் எறக்க மாட்டான். ஒரு நூல் பட்டையை மிச்சம் வச்சுத்தான் வெட்டுவான். அதையும் வழிச்சா மரத்துல முண்டு விழும். பொறவு அந்தப் பக்கம் சிரட்டை காஞ்சு கெடக்க வேண்டியதுதான்.

இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல்ல. ஞாயித்துக்கிழமை அழகியபாண்டியபுரத்துல மறுவீடு. நேர்ல போ. நூறு ரூவாயை வெத்திலையில சுருட்டி, ‘அன்னைக்குக் கை தவறிக் கொறஞ்சு போச்சு அத்தே’ண்ணு ஒரு பொய்யைச் சொல்லு. போன்ல தட்டுனா கை தவறத்தான் செய்யும், நம்பிருவா. என்னையும் கார்ல ஏத்திக்கோ. பாதையில ஆனை நிக்கி, நடந்து எறங்க முடியாது. இந்தப் புத்திக்குக் கூலி ஒண்ணும் வேண்டாம். தடிக்காரன்கோணத்துல நிறுத்தி ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கித் தா, போதும். ரெண்டு சீப்பா வாங்கிராத, கேட்டியா? பொறவு மிச்சத்துக்கும் நான் ஒனக்குப் புத்தி சொல்ல வேண்டி வரும்.