உடையாத பானையின் மன்னிப்புக் கடிதம்

தமிழ்நாடு அரசின் மாட்சிமை பொருந்திய கலை பண்பாட்டுத் துறையின் சமுகத்துக்கு,

இந்தப் பொங்கலுக்கும் ரேஷன் கடையில் பச்சரிசி வந்தது, சர்க்கரை வந்தது, முழுக்கரும்பு வந்தது. பானையைக் காணோம். சேர்த்துக்கொள்ளச் சொல்லி மண்பாண்டத் தொழிலாளர்கள் வருஷா வருஷம் மனு எழுதுகிறார்கள். 'அது எங்கள் துறை அல்ல' என்று தாங்கள் சொன்னால் அதுவும் நியாயமே. குற்றம் பானையின் மேல்தான். அது இன்னும் உடையவில்லை. ஆதன் என்று பெயர் கீறிய கீழடி ஓட்டைப் பாருங்கள்: சமர்த்தாக உடைந்தது, மண்ணுக்குள் போனது, இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு வாய் திறக்காமல் கிடந்தது, 2023இல் கீழடிக்கு அருங்காட்சியகமே திறந்தாயிற்று. தஞ்சை வட்டாரப் பானைகளுக்கு அந்தப் பொறுமை இல்லாததற்கு வருந்துகிறோம்.

தங்கள் ஆளுகையில் இரண்டு கவின்கலைக் கல்லூரிகள். மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி ஒன்று, 1887இல் வேர்விட்ட கும்பகோணம் கல்லூரி இன்னொன்று. செராமிக் துறை சென்னையில் மட்டும். கும்பகோணத்தில் ஓவியம் உண்டு, சிற்பம் உண்டு. காலடியில் கிடக்கும் மண்ணுக்கு வகுப்பு இல்லை. பக்கத்துச் சுவாமிமலையில் மெழுகு உருவின் மேல் காவிரி வண்டலைப் பூசித்தான் நடராஜரை வார்க்கிறார்கள். (அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள், உடைந்தும் மரியாதை கிடைக்காத மண் அது ஒன்றுதான்.) அந்த மண்ணை முதுகலையில் படிக்க டெல்டாப் பிள்ளை சுமார் 300 கிலோமீட்டர் போய், சென்னையில் வாடகை கொடுக்க வேண்டும்.

'காவிரி மண் உயர்வெப்பம் தாங்காது, ஸ்டோன்வேர் என்ற உயர்சூட்டுப் பாண்டத்துக்கு ஆகாது' என்று தங்கள் வல்லுநர்கள் சொல்லக்கூடும். உண்மை. இரும்பு மிகுந்த வண்டல் 1200 டிகிரிக்கு முன்பே இளகிச் சரிந்துவிடும். ஆனால் இளகுவது குறை என்றால் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சே உலகத்தில் இருக்காது. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றுப் பக்கத்து ஆல்பனி களிமண்ணைக் கரைத்து ஜாடிகளுக்குள் பூசினார்கள். சூளையில் அது உருகிப் பழுப்புக் கண்ணாடியானது. ஜப்பானின் கரட்சு, ஹகி குயவர்கள் வைக்கோல் சாம்பலில் பால்வெள்ளை கிளேஸ் எடுக்கிறார்கள். உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும்; அதில் பெரும்பகுதி சிலிக்கா. தஞ்சை, திருவாரூர் அரிசி ஆலைகளின் பின்புறம் குவிந்து, காற்றடித்தால் கண்ணைக் கரிக்கிற அந்தக் கரும்பொடி, எழுதப்படாத பல ஆய்வேடுகளின் கச்சாப்பொருள். குறுவை வைக்கோலும் சம்பா வைக்கோலும் ஒரே மாதிரி உருகுமா என்பதுகூட நல்ல கேள்விதான். கேட்கச் சூளையும் ஆசிரியரும் வேண்டும்.

'விருத்தாசலத்தில் பீங்கான் பட்டயப் படிப்பு இருக்கிறதே' என்பது அடுத்த சமாதானம். அது ஆலைக்கு ஆள் தயாரிக்கும் படிப்பு. பாலிடெக்னிக் இருக்கிறது என்பதற்காகச் சிற்பத் துறையை யாரும் மூடுவதில்லை. 'படித்தால் வேலை உண்டா?' ஓவியத் துறையிடம் இதைக் கேட்டீர்களா? புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையில் பழகியவர்கள் நாடு முழுக்கப் பேர் சொல்லும் கலைஞர்களானார்கள், ஓர் அரசாணையும் இல்லாமல். தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றிய வேளார் வீட்டுக்கு மழைக்கால நிவாரணம் எழுதுகிறீர்கள். அந்த வீட்டின் அறிவுக்கு ஊரில் ஒரு வகுப்பறை கிடையாது. தெரிந்த வித்தையை வறுமைக் கணக்கில் மட்டும் பதிந்துவைப்பது இரக்கமல்ல, அவமதிப்பு. வெட்கப்பட வேண்டிய காரியம் இது. மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. தட்டினால் கணீரென்று ஒலிப்பது உடையாத பானையின் கெட்ட பழக்கம்.

சமுகம் தயைகூர்ந்து, அடுத்த கல்வியாண்டிலேயே கும்பகோணத்தில் செராமிக் இளங்கலையும், அதைத் தொடர்ந்து முதுகலையும் தொடங்க ஆணையிட வேண்டும். ஆசிரியர்களில் ஒருவராவது பட்டமில்லாத வேளாராக இருக்கட்டும். அவருக்கும் பேராசிரியர் சம்பளமே கொடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் புதைபடாத ஒரு டெல்டாக்காரன்