பில் இல்லாத நகை

கேள்வி: பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் நகை, டிவி எதற்கும் பில் இல்லை. பணம் கிடைக்குமா? (வாசகி, மதுரை)

பதில்: பூட்டை உடைத்தார்கள் என்கிறீர்களே, அதுதான் முக்கியம். பல பாலிசிகளில் உடைத்து நுழைந்த தடயம் இல்லாவிட்டால் பில் இருந்தும் பயனில்லை. எஃப்.ஐ.ஆர். போடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அந்தப் பூட்டைத் தூக்கி எறியாதீர்கள். நகைகள் பாலிசியில் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பில்லுக்காகக் கலங்க வேண்டாம். பாட்டி போட்ட சங்கிலிக்கு எந்த வீட்டில் பில் இருக்கிறது? கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள், கழுத்தில் கிடப்பது தெரியும். என்றைக்காவது அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டே தங்கம்! உருப்படி, எடை எல்லாம் அதில் இருக்கும். அன்று கூச்சப்பட்டு ஒளித்துவைத்த சீட்டு இன்று உங்கள் முதல் சாட்சி. டிவிக்கு வாரண்டி அட்டை, வங்கி ஸ்டேட்மென்ட் போதும். இல்லாத வளையலை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒரு பொய் மொத்த க்ளெய்மையும் கவிழ்த்துவிடும்.

ஆவணம் இல்லையென்று க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என 2024-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் கைவிரித்தால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.