கேட்டது ஒன்று, வந்தது மூட்டை

2016 வாக்கில் நாங்கள் எழுதிய பக்கங்கள் பலவற்றில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: லோடாஷிலிருந்து டிபௌன்ஸை இம்போர்ட் செய். தேடல் பெட்டியில் ஒருவர் தட்டும்போது எழுத்துக்கு எழுத்து சர்வரைக் கூப்பிடாமல், அவர் கை நிற்கும்வரை பொறுத்திருக்கச் செய்யும் சின்ன ஃபங்ஷன் அது. அதற்காக உள்ளே வந்ததோ முழு லைப்ரரி. சுருக்கிய பிறகும் 70 கிலோபைட், ஜிஸிப் செய்தால் சுமார் 25.

அதற்கும் முந்தைய ஜேக்வெரி காலத்தில் ஒவ்வொரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் பக்கத்தில் தனி வரியாக நிற்கும். எத்தனை கோப்பு ஏறுகிறது என்று யாரும் எண்ணிவிடலாம். வெப்பேக் வந்து எல்லாவற்றையும் ஒரே பண்டிலாகக் கட்டத் தொடங்கியதும் அந்தக் கணக்கு கண்ணிலிருந்து மறைந்தது. அளவு மட்டுமல்ல பிரச்சினை. 70 கிலோபைட் படத்தை இறக்கிக் காட்டினால் போனின் வேலை ஏறக்குறைய முடிந்தது. அதே அளவு ஜாவாஸ்கிரிப்டை இறக்கி, படித்து, கம்பைல் செய்து, ஓட்டவும் வேண்டும். எங்கள் அலுவலக லேப்டாப்பில் தெரியாத அந்த நேரம், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் நன்றாகவே தெரிந்தது.

பண்டிலுக்குள் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பண்டில் அனலைசர் காட்டும் வண்ணக் கட்டங்களில் பெரிய கட்டம் பெரும்பாலும் நாங்கள் எழுதியதாக இருக்காது. மொமெண்ட் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். தேதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டினால் போதும் என்றிருந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் கோப்புகள் வந்து குந்தியிருந்தன. மொழிக் கோப்பின் பெயரை மொமெண்ட் ஓடும்போதுதான் ஒட்டிச் சேர்த்து ரிக்வயர் செய்கிறது. எது தேவைப்படும் என்று பில்ட் நேரத்தில் வெப்பேக்குக்குத் தெரியாது, ஆகவே ஃபோல்டரையே அள்ளிக்கொள்கிறது. வேண்டியதை மட்டும் விட்டுவைக்கும்படி கன்ஃபிக்கில் ஒரு ப்ளகின் எழுதியதும் கட்டம் சுருங்கியது. 2020-இல் மொமெண்ட் குழுவே, புதிய திட்டங்களுக்கு வேறு லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டது. சொன்ன காரணங்களில் அளவும் ஒன்று. நேர்மையான அறிவிப்பு அது.

லோடாஷுக்கு வந்த தீர்வு இன்னும் அழகு. டிபௌன்ஸ் தனிக் கோப்பாக லோடாஷ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கோப்பின் பாதையைக் கையால் எழுதலாம். ஆனால் குழுவில் ஒருவர் ஓரிடத்தில் பழைய வழக்கப்படி எழுதினால் முழு லைப்ரரியும் திரும்பி வந்துவிடும். இந்தக் காவல் வேலையை, கோடை மாற்றி எழுதும் பேபல் கருவியின் லோடாஷ் ப்ளகின் ஏற்றுக்கொண்டது. நாம் எழுதிய கோடை அது இலக்கண மரமாகப் பிரித்து, இம்போர்ட் வரியைக் கண்டுபிடித்து, கேட்ட ஃபங்ஷனின் நேரடிப் பாதையாக மாற்றி, மறுபடி கோடாக எழுதித் தரும். ஆன்ட் டிசைன் லைப்ரரிக்கான ப்ளகினோ, நாம் பட்டனைக் கேட்டால் பட்டனோடு அதன் ஸ்டைல் கோப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். மனிதருக்கு வாசிக்க எளிதான வரி, உலாவிக்குச் சுமை குறைந்த வரி இரண்டும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பதை நான் அந்த ப்ளகின்களிடம்தான் கற்றேன். எல்லை இல்லாமலும் இல்லை: லோடாஷின் செயின் முறையில் எழுதினால் எந்தெந்த ஃபங்ஷன் வேண்டும் என்று அந்த ப்ளகினால் பிரித்தறிய முடியாது.

இன்று இதெல்லாம் பழங்கதை என்கிறார்கள் இளைஞர்கள். பாதி உண்மை. 2015-இல் இம்போர்ட் மொழியின் சட்டமாகவே ஆனது. அதே ஆண்டு வந்த ரோலப், பயன்படாததை உதிர்க்கும் ட்ரீ ஷேக்கிங்கைப் பரப்பியது. 2018-இல் வெப்பேக் 4, ‘இந்தப் பேக்கேஜில் பக்கவிளைவு இல்லை, தயங்காமல் உதிர்க்கலாம்’ என்று லைப்ரரி எழுதியவரே அறிவிக்க வழி செய்தது. ஆனால் லோடாஷின் வழக்கமான பேக்கேஜ் இன்றும் இம்போர்ட்டுக்கு முந்தைய காமன்ஜேஎஸ் வடிவம்தான். அங்கே உதிர்ப்பு சரியாக நடப்பதில்லை.

மற்ற பாதி, நாள்தோறும் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தெரியும். உதிர்ப்பு பெரும்பாலும் புரொடக்‌ஷன் பில்டில்தான் நடக்கிறது. டெவலப்மெண்ட் சர்வரில், எல்லாவற்றையும் ஒரே வாசலில் ஏற்றுமதி செய்யும் பேரல் கோப்பைத் தொட்டால் மெட்டீரியல் யூஐயின் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஐகான்களும் எழுந்து வரும். நமக்கு வேண்டியது ஒரு அம்புக்குறி. 2023-இல் நெக்ஸ்ட்.ஜேஎஸ் 13.5 இதற்காகவே பேரல் கோப்பைத் தானே படித்து, பாதையைக் கண்டுபிடித்து, இம்போர்ட்டை மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. நாங்கள் ப்ளகினும் கன்ஃபிக்கும் வைத்துச் செய்த அதே வேலை, இப்போது ஃப்ரேம்வொர்க்குக்குள்.

வசதி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். வருத்தம், அனலைசரைத் திறப்பவர்கள் அருகிவிட்டார்கள் என்பதில். நெட் வேகமாகிவிட்டது என்ற பதிலை நான் ஏற்பதில்லை. வேகமான நெட், மெதுவான பிராசஸரை வேகமாக்காது. தமிழில் தேதி காட்ட இன்று லைப்ரரியே வேண்டாம், உலாவியிலேயே இருக்கும் இன்டில் வசதி போதும். அடுத்த ரிலீசுக்கு முன் அனலைசரை ஓட்டி, பெரிய கட்டம் எதுவென்று பாருங்கள். அதிலிருந்து உண்மையில் எத்தனை ஃபங்ஷன் கூப்பிடுகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.